கம்பெனிக்காரன் நம்மளப் பாத்தா செஞ்சான்?

அக்கா வீட்டில் மின்விசிறி சுற்ற வேண்டுமென்றால் முதலில் மாமாவைக் கூப்பிட வேண்டும். சுவரில் சுவிட்ச் என்னவோ இருக்கும். தட்டினால் சத்தமும் வரும். விசிறி மட்டும் அசையாது. அது சும்மா பார்வைக்கு. அசல் சுவிட்ச் கதவு நிலைக்கு மேலோ, பீரோவுக்குப் பின்னாலோ, காலண்டர் மாட்டிய ஆணிக்குப் பக்கத்திலோ ஒளிந்திருக்கும். மாமா மாட்டுக்கொட்டாயில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். "அம்மிணி, சித்தெ அந்தால திரும்பிக்கோ" என்பார். நான் திரும்பி நிற்பேன். முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். காற்று வரும்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்கு நடுவில் வீடு. அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலமாகிறது. இப்போது அந்த வீட்டில் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் எரிய வேண்டியது எரிகிறது, ஓட வேண்டியது ஓடுகிறது. ஆனாலும் சேலத்திலிருந்து எப்போது அங்கே போனாலும், கை சுவிட்சுக்குப் போவதற்கு முன்னால் என் வாய் "மாமா" என்று கூப்பிடப் பார்க்கிறது. பழக்கம் பொல்லாதது.

மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். வலது மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருள் ஒன்றை வளையல் மாதிரி மாட்டியிருப்பார். காதுகுத்துக்குப் போனாலும் சரி, கருமாதிக்குப் போனாலும் சரி, அது கூடவே வரும். கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அலுத்துவிட்டது.

அவர் இளவயதில் திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறையில் வயரிங் வேலை கற்றவர். எங்கள் பக்கத்தில் லாரியை முழுதாக வாங்கி ஓட்டுவதைப் பெருமையாக நினைப்பவர்கள் குறைவு. கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் எலும்புக்கூடுமாகச் சேசிஸ் மட்டும் வரும். கூரைகூட இல்லாத அந்த வண்டியில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலைக் குடித்துக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். அதைப் பட்டறையில் விட்டு, கேபின் கட்டி, பாடி கட்டி, முதலாளி சொன்ன கலர் அடித்து, அவர் குலதெய்வத்தின் பெயரை நெற்றியில் எழுதிய பிறகுதான் அது லாரி. மாமாவுக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் சேசிஸ்தான். கடையிலிருந்து வந்ததை அப்படியே பயன்படுத்துகிறவனை அவர் பரிதாபமாகப் பார்ப்பார். "கம்பெனிக்காரன் நம்மளப் பாத்தா செஞ்சான்?" என்று கேட்பார். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. பதில் இல்லாததால் அவர் ஜெயித்ததாக அர்த்தம்.

கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் சீராகக் கொடுத்த மிக்சியைப் பந்தல் பிரிப்பதற்குள் பிரித்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து அது முன்னைவிட நன்றாக அரைத்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூடியை அழுத்தி, ஜாரை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, அடியில் விரலை விட்டு ஏதோ ஒன்றை நெம்பினால்தான் ஓடும். புதுப்பெண்ணான அக்கா சட்னி அரைக்க ஒவ்வொரு காலையும் புருஷனை எழுப்பினாள். ஆசையில் எழுப்புகிறாள் என்று அவருடைய அம்மா சொல்லிச் சிரித்ததாக அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கெட்ட மனிதர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி எழுத முடியவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் யாருடைய மோட்டார் நின்றாலும், சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். காசு வாங்க மாட்டார். என் மகளுக்குப் பரீட்சை நேரத்தில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் படுத்துக்கொண்டபோது, சொந்த வயர்ச் சுருளோடு சேலத்துக்குப் பஸ் ஏறி வந்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். அவர் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, அந்த இன்வெர்ட்டருக்கும் ஒரு சுவிட்சை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார் என்று. போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மனிதர்களுக்குப் பலவிதமான பசி உண்டு. கூப்பிட்டால் போக வேண்டும் என்பது அவருடைய பசி.

கரண்டைத் துண்டிக்கிற கட்-ஆப் சுவிட்சை இப்படி ஒளித்து வைக்கிற வியாதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். அவர் கொஞ்ச காலம் ரிக் வண்டியில் போயிருக்கிறார். நம் பக்கத்து ரிக் வண்டிகள் வடக்கே காடு மேடெல்லாம் போய்ப் போர் போடும். அப்படி ஒரு காட்டில் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வண்டியில் பேட்டரி இல்லை. பாஷை தெரியாத ஊர். அரிசி தீர்ந்துவிட்டது. ஆள் அனுப்பி வேறு பேட்டரி வரும்வரை, தண்ணீருக்காகத் துளை போடப் போனவர்கள் தண்ணீருக்கு அலைந்திருக்கிறார்கள். வண்டியையே கிளப்பிக்கொண்டு போக இன்னொரு தடவை திருடர்கள் பார்த்தார்களாம். அதிலிருந்துதான் லாரிக்காரர்கள் செய்வதுபோல, தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஒரு சுவிட்ச் வைக்கப் பழகினார். வண்டி கைமாறும்போது புது டிரைவரின் காதில் இடத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் மரியாதை. "சாமி, சாவிய எவன் வேணும்னாலும் எடுத்துப்போடுவான். இதை எடுக்க முடியாது பாரு" என்று தலையைத் தட்டிக் காண்பித்தார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. காட்டில் வைக்க வேண்டியதைக் கொண்டுவந்து வீட்டில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

எருமப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அவர் மட்டும் போயிருந்த நாளில் தோட்டத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மாடு கத்துகிறது. மோட்டாருக்கு ஒளித்து வைத்த சுவிட்ச் எங்கே என்று அக்கா போனில் கேட்டாள். போனில் எப்படிச் சொல்வது என்றார். பந்தியில் உட்காரப் போனவர், வண்டியை எடுத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்து, அக்காவைத் திரும்பி நிற்கச் சொல்லி, மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடியும் கல்யாணத்துக்குப் போனார். இடத்தைச் சொல்லியிருந்தால் நானே போட்டிருப்பேனே என்று அக்கா சொன்னதற்கு, "உனக்கு என்னத்துக்கு அந்தத் தொல்லை? நான் வந்து போட்டு உடறேன்" என்றாராம். கட்டிய மனைவி அவருக்குப் புது டிரைவராகக்கூட ஆகவில்லை.

அக்காவின் பையன் படித்து முடித்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான். பெங்களூரில் இருந்தபோது வாங்கிய மடிக்கிற சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். சின்னச் சக்கரம், நடுவில் கீல், மடக்கினால் அரிசி மூட்டை அளவுக்கு ஆகிவிடும். வீடு வெறிச்சென்று ஆனது. அக்கா அந்தக் காலத்து பி.காம். திருச்செங்கோட்டில் கோழித் தீவனக் கடை ஒன்றில் பில் போட ஆள் தேவை என்று தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் சரி என்று சொன்னபோதுகூட அவள் குரல் அப்படி இருந்ததில்லை.

"போறதுக்கு உனக்கு எங்க இருக்குது?" என்றாராம் மாமா. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் கைகாட்டிக்கு எப்படிப் போவாய் என்று மட்டும் கேட்டார். நடந்து போகிற தூரம் இல்லை, பாதி வழி மேடு. அக்காவுக்கு மூட்டு வலி வேறு. ஸ்கூட்டி அவளுக்குப் பயம். சைக்கிள் என்றால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கால் பழகியது. கைகாட்டியில் தையல் கடை வைத்திருக்கும் பெண், மடக்கிக் கொண்டுவந்தால் கடைக்குள் ஓரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். பேட்டரியில் ஓடுகிற மடிக்கிற சைக்கிள் ஒன்று கிடைத்துவிட்டால் வேலைக்குப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் போக முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

அக்காவைச் சேலத்துக்கு வரச் சொன்னேன். ஒரு ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிர் நீலத்தில் ஒன்று நின்றது. வயரெல்லாம் உடம்புக்குள்ளேயே ஓடியது. ஒரு கையால் மடக்கி, மறு கையால் தூக்கிக் காட்டினாள் கடைப் பெண். அக்கா கடைக்கு முன்னால் தெருவில் ஒரு சுற்று ஓட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வளைவில் திரும்பும்போது வாயை மூட மறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். கடைப் பெண் சாவியை வாங்கித் திருப்பிக் காட்டி, இவ்வளவுதானுங்க என்றாள்.

"வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"வேற என்னங்க வேணும்?"

"இல்ல, எங்கயாச்சும் அமுக்கறது, நெம்பறது?"

கடைப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்தேன். அவ்வளவு கோபம் எனக்கு வந்து நாளாகியிருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மாமா கோபப்படவில்லை. நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். எரிச்சல் என்னவென்றால், சொன்னதில் பாதி நியாயம். ரெடிமேடு சைக்கிளில் பேட்டரி போனால் அதே கம்பெனியின் பேட்டரிதான் போட வேண்டும், கம்பெனி மூடிவிட்டால் சைக்கிள் குப்பை. வீட்டில் பையனுடைய சைக்கிள் சும்மா கிடக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் உள்ள சக்கரத்தை மாட்டினால் முடிந்தது. எந்தப் பாகம் கெட்டாலும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கம்பெனிக்காரன் உன்ற மூட்டப் பாத்தா செஞ்சான்? நான் உனக்குன்னு பண்ணித் தாரேன்." இதற்கு மேல் ஒரு மனைவி என்ன சொல்ல முடியும்? அன்பு மாதிரி இருக்கிற ஒன்றை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அக்கா ஷோரூமுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தீவனக் கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். நல்ல மனிதர். சைக்கிள் தயாராகும்வரை மாமா அவளைக் கைகாட்டியில் இறக்கிவிட்டார், அவருக்கு வேலை இல்லாத நாட்களில்.

சைக்கிள் தயாராகிவிட்டது என்று சொன்ன அன்றைக்கு நான் போயிருந்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. லித்தியம் பேட்டரி வெடித்துவிடும் என்று, கனத்த பழைய ரகப் பேட்டரிகளை வரிசையாக வைத்திருந்தார். அவற்றைத் தாங்க, பின்னாலிருந்து முன்வரை இரும்பு ஆங்கிள் சட்டம் அடித்து வெல்டு வைத்திருந்தார். லாரிக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட். முன்னால் சின்ன எழுத்தில் குலதெய்வத்தின் பெயர். ஆங்கிள் போன வழியில் கீலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. மடிக்கிற சைக்கிள் இனி மடியாது. அக்கா இதை மெதுவாகக் கேட்டாள். "மடிச்சா வயரு நசுங்கும். ஏன் மடிக்கோணும்? கெட்டியா இருக்குது பாரு" என்று ஆங்கிளைத் தட்டிக் காட்டினார். நாலு ஆளை ஏற்றினாலும் வளையாது. ஏறப் போவது ஒரே ஒரு ஆள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, மாமா பிடித்த முயலுக்குக் காலே கிடையாது, சக்கரம்தான்.

மடியாததால் தையல் கடைக்குள் அதை வைக்க இடமில்லை. வெளியில் மரத்தடியில்தான் நிறுத்த வேண்டும். வெளியில் நிறுத்தினால் திருட்டுப் பயம். திருட்டுப் பயம் இருந்தால் கட்-ஆப் வேண்டும். எவ்வளவு ஒழுங்காக ஒன்றிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தது பாருங்கள்.

காலையில் கொட்டாய்க்குள் போய், பழந்துணியால் சைக்கிளைத் துடைத்து, எங்கேயோ கையை வைத்துவிட்டு, வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். அக்கா ஏறிப் போவாள். சாயங்காலம் வந்ததும் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். சுவிட்ச் எங்கே என்று அவள் கேட்டாள். பொம்பளைகளிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறியது. தோட்டத்து வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வீட்டுக்காரர் கையாலேயே செய்தது என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாள் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு சைக்கிள் கெட்டுப்போக ஆரம்பித்தது. அவருடைய பங்காளி வீட்டில் விசேஷம் வந்த அன்றைக்குக் கெட்டுப்போனது. கடையில் கணக்கு முடித்துவிட்டு அக்கா வீட்டுக்கு நேரம் கழித்து வந்த மறுநாள் கெட்டுப்போனது. கடைக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவள் போக வேண்டிய காலையிலும் கெட்டுப்போனது. சார்ஜ் ஏறவில்லை, கண்ட்ரோலர் சூடாகிவிட்டது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். மறுநாள் ஒன்றும் செய்யாமலே சரியாகிவிடும். நான் போனில் விசாரித்தால் அக்கா வேறு பேச்சை எடுப்பாள். ஒரு நாள் மட்டும் சொன்னாள்.

"அந்தச் சைக்கிளு கெட்டுப்போகுமா போகாதான்னு முந்தின நாளே தெரியும் புள்ள. அவரு மூஞ்சியப் பாத்தாப் போதும்."

அவர் இல்லாத பகலில் சுவிட்சைத் தேடியிருக்கிறாள். சீட்டுக்கு அடியில், ஆங்கிளுக்குப் பின்னால், கைப்பிடிக்குள், பேட்டரிப் பெட்டிக்கு உள்ளே என்று எங்கும் தேடினாள். கிடைக்கவில்லை. ஓடாத நாட்களில் மிதித்துப் பார்த்தாள். அந்த இரும்பையும் பேட்டரியையும் சுமந்துகொண்டு மேடு ஏற மூட்டு இடம் கொடுக்கவில்லை. பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், பஸ்ஸை விட்டுவிட்டு, வெயிலில் நின்றிருக்கிறாள். வேர்வையில் ஊறிய புடவையோடு கடைக்குப் போய் உட்கார வெட்கப்பட்டு வீட்டுக்கே திரும்பியும் இருக்கிறாள். கடைக்காரர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? நீங்கள் வீட்டிலேயே சௌகரியமாக இருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அன்று சாயங்காலம் மாமா சைக்கிளைத் துடைத்து, நல்ல தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாராம். வேலை போனதற்கு அவரும் வருத்தப்பட்டார். அதை நான் நம்புகிறேன். அவளைக் கட்டிப்போட வேண்டும் என்று அவர் திட்டம் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தன் கை படாமல் எதுவும் ஓடக்கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வாழ்க்கை. திட்டம் போட்டிருந்தால்கூட மன்னித்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு பகல் நேரத்தில், ஏணி மேல் நிற்கும்போது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் மணிக்கட்டிலிருந்து டேப் சுருளைக் கத்தரித்து எடுத்தபோது எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. விளக்கில்லை, விசிறியில்லை, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கை நன்றாகவே அசைந்தது.

"மோட்டார் சுவிட்ச் எங்கீங்க? பேச வேண்டாம். கையக் காட்டுங்க, போதும்."

அவர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். நாங்கள் இருவரும் அது போகிற திசையைப் பார்த்தோம். கையை மடக்கித் தன் நெஞ்சில் வைத்துத் தட்டினார். நான் வாரேன் என்கிறார். எழுந்து உட்காரவே முடியாத மனிதர். அக்கா நிமிர்ந்தாள். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு எலக்ட்ரீசியனை வரவழைக்கச் சொன்னாள்.

வந்தவர் சுவர் சுவராக உடைத்து ஒளித்து வைத்த சுவிட்சுகளை எடுத்துப் போட்டார். முறத்தில் குவிந்தன. கட்டிலில் இருந்தபடி மாமா ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணைச் சிமிட்டினார். கடைசியில் அக்கா தார்ப்பாயை இழுத்து, இதையும் பாருங்கள் என்றாள். எலக்ட்ரீசியன் கொஞ்ச நேரம் வயரைத் தடவிக்கொண்டே போய், கைப்பிடியில் இருந்த மணியின் மூடியை இடப்பக்கம் திருப்பினார். சைக்கிள் உயிர் பெற்றது. எலக்ட்ரீசியனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பலே ஆளுங்க உங்க ஊட்டுக்காரரு என்றார். அக்கா தினமும் அடித்த மணி அது. ஓடாத நாட்களில் மேட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது, எதிரில் ஆடு வந்தால்கூட அடித்திருக்கிறாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பழைய இரும்புக்காரன் வந்தால் இதைப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

தீவனக் கடையில் அவளை மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்த வெளிர் நீலச் சைக்கிளையே வாங்கினாள், ரெடிமேடாக. மாட்டைப் பார்க்க வரும் வேலைக்கார அம்மா பகலில் மாமாவையும் பார்த்துக்கொண்டார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு லீவில் போய்த் தங்கும் வரைக்கும்.

மாமாவுக்குச் சக்கர நாற்காலி வந்திருந்தது. ரெடிமேடு. அவர் உடம்புக்கு அது அகலம் அதிகம், கால் பலகை எட்டவில்லை. இருக்கிற நாற்காலியிலேயே மோட்டார் மாட்டிவிடலாம், இடது கையால் ஓட்டிக்கொள்வார், கொட்டாய்வரைக்குமாவது தானே போய்விட்டு வரட்டும் என்று பையன் போனில் சொன்னான். இல்லை, முழு எலக்ட்ரிக் நாற்காலியாகவே அனுப்பிவிடட்டுமா என்றும் கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை நாற்காலியின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மோட்டார் எங்கே உட்காரும், வயர் எந்த வழியாகப் போகும் என்று அவர் கண் அளந்ததை நான் பார்த்தேன்.

"என்னத்துக்குச் சாமி?" என்றாள் அக்கா. "போறதுக்கு அவருக்கு எங்க இருக்குது?"

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பினாள். மாமாவை வாசலில், வேப்பமர நிழலில் கொண்டுவந்து நிறுத்தினாள். வாயைத் துடைத்துவிட்டாள், பனியன் மடிப்பை இழுத்துவிட்டாள், எல்லாம் பொறுமையாக. பிறகு குனிந்து, வலப்பக்கச் சக்கரத்தின் பூட்டை மட்டும் போட்டாள். அந்தப் பக்கம் அவர் கை எட்டாது. இடப்பக்கப் பூட்டைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சக்கரம் பூட்டியிருந்தால் மறு சக்கரத்தை எவ்வளவு தள்ளினாலும் நாற்காலி இருந்த இடத்திலேயேதான் திரும்பும். வாசல் சரிவு, உருண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிடுவார் என்று, நான் கேட்காமலே எனக்குக் காரணம் சொன்னாள். காரணம் சரியானதுதான். அந்த வீட்டில் எப்போதுமே காரணங்கள் சரியாகத்தான் இருந்தன.

மாமா இடது கையை நீட்டி வலப்பக்கத்தைக் காட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"உங்களுக்கு என்னத்துக்குங்க அந்தத் தொல்லை?" என்றாள் அக்கா. "பொழுதோட நான் வந்து எடுத்து உடறேன்."

சைக்கிளை விரித்தாள். சாவியைத் திருப்பினாள். தோட்டத்து வழியில், திரும்பிப் பார்க்காமல் போனாள். நன்றாக வேண்டும் என்று என் மனதில் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது பயம்.

மாமா கொஞ்ச நேரம் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். நாற்காலி நின்ற இடத்திலேயே அரை வட்டம் திரும்பி, அவர் முகம் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. அப்புறம் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பூட்டு எனக்குக் குனிந்தால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்று மாட்டுக்கார அம்மா கொட்டாயிலிருந்து சொன்னார். நான் குனியாமல் உள்ளே போய் மோட்டார் சுவிட்சைத் தட்டினேன். ஒரே தட்டில் தண்ணீர் வந்தது.